கோயிலடி முடக்கு

"பேக்கைக் குடுங்க... நா வச்சிக்கிறேன்."

ஜன்னலோர சீட்டிலிருந்து இரண்டு கைகள் நீண்டன. ஜீவராணி முதலில் கைகளைப் பார்த்தாள். பிறகுதான் ஆளைப் பார்த்தாள். மடிப்புக் கலையாத நீலச் சட்டை, கழுத்தில் கம்பெனி அட்டை, மழையில் நனைந்து நெற்றியில் ஒட்டிய முடி... கண்கள் மட்டும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தன.

"வேணாம்," என்றாள்.

ஹட்டனிலிருந்து அக்கரப்பத்தனைக்குப் போகிற சாயங்கால பஸ்ஸில் அப்படிச் சொல்கிறவர்கள் குறைவு. உட்கார்ந்திருப்பவர் நிற்பவரின் பையை மடியில் வாங்கி வைத்துக்கொள்வது இந்தப் பாதையில் யாரும் எழுதி வைக்காத சட்டம். கரட் மூட்டையானாலும் கைக்குழந்தையானாலும் மறுபேச்சு இல்லாமல் மடிக்குப் போய்விடும். ஆனால் ஜீவராணியின் பையில் கம்பெனி லேப்டாப் இருந்தது. காதில் கண்டியிலிருந்து ஒரு விரிவுரையாளர் பேசிக்கொண்டிருந்தார். கையிலிருந்த போனில் ஒரு பரீட்சை ஓடிக்கொண்டிருந்தது... ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நிமிடம்தான். இந்த லட்சணத்தில் முன்பின் தெரியாதவனிடம் பையைக் கொடுப்பதைப் பற்றி யோசிக்க யாருக்கு நேரம்?

"இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட!" என்று கண்டக்டர் சிங்களத்தில் கத்தி எல்லோரையும் முன்னுக்குத் தள்ளினார். ஜீவராணி ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கைப் பெருவிரலால் கடைசிக் கேள்வியான ஏழாவது கேள்விக்குப் பதில் தேடினாள். அந்த நேரம் பார்த்து டிரைவர் ஒரு முடக்கில், ரோடு வளைகிற இடத்தில், பிரேக்கை மிதித்தார்.

பை தோளிலிருந்து சுழன்று போய் அவன் மூக்கில் 'டொக்'கென்று மோதியது.

"ஐயையோ... சாரிங்க! ரத்தம் வருதா?"

"ரத்தம் வரல," அவன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சொன்னான். "மூக்கு இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"இருக்கு."

"பழைய எடத்துலதானா?"

சிரிக்கக் கூடாது என்றுதான் உதட்டைக் கடித்தாள். சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது. அதற்குள் போன் ஒரு தடவை அதிர்ந்தது. நேரம் முடிந்தது... ஏழாவது கேள்வி போயே போய்விட்டது!

"ஒங்களாலதான் என் மார்க்ஸ் போச்சு!"

"நல்லாருக்குங்க நியாயம். மூக்கு போனது எனக்கு... கேசு போடுறது நீங்களா? அப்படி என்னா கேள்வி?"

"மொதல்ல வந்தத மொதல்ல அனுப்புற மாதிரி அடுக்கி வைக்கிறதுக்கு என்னா பேருன்னு..."

"க்யூ," என்றான் அவன் யோசிக்காமல். "இந்த பஸ்ஸுல மட்டும் பாக்க முடியாதது."

ஜீவராணி காதிலிருந்த ஒயரைக் கழற்றிவிட்டு அவனை இன்னொரு முறை பார்த்தாள். "அதெப்படி ஒங்களுக்குத் தெரியும்?"

அவன் அவள் கழுத்திலும் தொங்கிய கம்பெனி அட்டையைப் பார்த்துவிட்டு, தன் அட்டையைத் தூக்கிக் காட்டினான். மதுரன். டெலிபோன் கோபுரங்களைப் பராமரிக்கிற ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸ். பகலில் கோபுரம், ராத்திரியில் விரிவுரை, சனி ஞாயிறு கொழும்பில் வகுப்பு. "ரெண்டாவது வருசம். நானும் ஒங்க கூட்டந்தாங்க... வேல செய்யிற எடத்துல படிக்கிற புள்ள, படிக்கிற எடத்துல வேலைக்காரன்."

அவளுடைய ஒரு வருடத்தை அவன் ஒரு வரியில் சொல்லிவிட்டான். ஜீவராணிக்கும் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்தான். வாரநாளில் ஹட்டனில் ஒரு மென்பொருள் கம்பெனி, வார முடிவில் கண்டியில் பல்கலைக்கழகம். படிப்புச் செலவு முழுக்கக் கம்பெனியுடையது. ஆனால் முதல் வருட முடிவில் சொந்தமாக ஒன்றைச் செய்து காட்ட வேண்டும்... அதில் தேறவில்லையென்றால் வேலையும் போகும், படிப்பும் போகும். ஓடிக்கொண்டே இருக்கிற ஒருத்திக்கு, ஓட்டம் என்றால் என்னவென்று தெரிந்த இன்னொருத்தரைப் பார்த்தால் கொஞ்சம் மூச்சு வாங்கத் தோன்றாதா?

"இப்பவாவது குடுங்க," என்று மறுபடியும் கையை நீட்டினான்.

கொடுத்தாள். அவன் தன் பையின் மேல் அவள் பையை வைத்து, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டான்... தூங்குகிற குழந்தையை வைத்திருக்கிறவன் மாதிரி.

"நீங்க எங்க எறங்கணும்?"

ஜீவராணி இறங்க வேண்டியது கரடிக்கல் தேயிலைத் தோட்டத்தில், கோயிலடி முடக்கில். தலவாக்கலை டவுனைத் தாண்டி, லிந்துலைக்குப் போகிற வழியில் இருக்கிறது. அங்கே இறங்கிப் படி ஏறினால் கீழ் டிவிசன் லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அதில் மூன்றாவது காம்பிரா, அந்த ஒற்றை அறைதான் அவள் வீடு. அம்மா மீனம்மா அங்கேதான் கொழுந்து பறிக்கிறாள்.

ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"தலவாக்கலை... டவுன்."

அது புதுப் பொய் இல்லை. கம்பெனிக்குப் போன முதல் நாளே பிறந்த பொய். புதிதாகச் சேர்ந்தவர்களை வட்டமாக உட்காரவைத்து ஊர் கேட்டார்கள். அவளுக்கு முன்னால் இருந்த பெண் தோட்டத்தின் பெயரைச் சொன்னதும், துஷாந்த் என்கிற சீனியர், "அப்ப லீவு நாள்ல கொழுந்தெடுக்கப் போவீங்களா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தது ஜீவராணியின் முறை. அன்றைக்கு நாக்கில் ஏறிய டவுன் இறங்கவே இல்லை.

மதுரனின் புருவம் ஒரு கணம் உயர்ந்தது. "அட... நானும் டவுன்தாங்க!"

தலவாக்கலையில் இரண்டு பேரும் இறங்கினார்கள். கண்டக்டர் மிதிபலகையில் நின்று அவனைப் பார்த்து ஏதோ கத்தினார். மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் புகையைக் கக்கிக்கொண்டு, ஜீவராணியின் வீட்டு வழியாகவே, ஜீவராணி இல்லாமல் போயிற்று.

பேக்கரி வாசலில் ஒதுங்கினார்கள். தகரக் கூரையில் மழை அடித்தது. எதிரே ரயில்வே ஸ்டேஷன் பனியில் பாதி காணாமல் போயிருந்தது. அவன் போகட்டும், பிறகு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று அவள் நின்றாள். அவன் போகவில்லை. மழைத் துளி ஒன்று அவன் இமையில் தொங்கிக்கொண்டிருந்தது... விழுமா விழாதா என்று அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்ததை அவன் கவனித்துவிட்டான்.

"நீங்க வீட்டுக்குப் போங்க. எனக்கு... ஒரு பாண் வாங்கணும்," என்றான்.

"எனக்கும் பாண்தான் வாங்கணும்!"

இரண்டு பேரும் பேக்கரிக்குள் போய், அப்போதுதான் சுட்டெடுத்த பாண் ஆளுக்கொன்று வாங்கினார்கள். வேறு வழியில்லாமல் அவள் சந்தைப் பக்கம் நடந்து, பாலத்தடிவரை போய், அங்கே மறைவாக நின்று அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். நனைந்துபோய் வந்த மகளையும் பாணையும் மாறி மாறிப் பார்த்த மீனம்மா, "ரொட்டி சுட்டு வச்சிருக்கேனே புள்ள, இது என்னாத்துக்கு?" என்று கேட்டாள்.

"ஆசையா இருந்துச்சும்மா."

எதன் மேல் ஆசை என்று அம்மா கேட்கவில்லை.

அந்த ஆசை அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. சாயங்கால பஸ்ஸில் அவனுக்கு எப்படியோ ஜன்னலோரம் கிடைத்துவிடும், அவளுக்கு நிற்க அவன் பக்கத்தில் இடம் கிடைத்துவிடும். பை கை மாறும். சீட் காலியானாலும் அவள் சில நாள் உட்காரவில்லை... உட்கார்ந்தால் பையைத் திருப்பி வாங்க வேண்டுமே! அவன் கோபுரத்தின் உச்சியில் காற்றடிக்கும்போது மனப்பாடம் செய்த கதையைச் சொல்வான். அவள் ஷாமிலா மிஸ்ஸிடம், அதாவது கம்பெனியில் அவளுக்கு மேலே இருப்பவரிடம், வாங்கிய திட்டைச் சொல்வாள். டவுன் வரும். இறங்குவார்கள். பாண் வாங்குவார்கள். பிரிவார்கள்.

ஒரு நாள் அவன் கேட்டான். "ப்ராஜெக்டுக்கு என்னா செய்யிறீங்க?"

"வருதா?"

"என்னா வருது?"

"அதாங்க பேரு... 'வருதா?' பஸ் ஸ்டாப்புல நிக்கிற எல்லாரும் அதத்தானே கேக்குறாங்க? பஸ் இப்ப எங்க வருது, நம்ம ஸ்டாப்புக்கு எப்ப வரும்னு போன்ல காட்டும். மழையில நனையத் தேவையில்ல."

"பஸ் வந்துருச்சுன்னா நீங்க போயிருவீங்களே... அப்ப அது தேவையா?" என்று சொல்லிவிட்டு அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். காது இரண்டும் சிவந்திருந்தன. அன்றிரவு ஜீவராணி ஒரு வரிகூடப் படிக்கவில்லை. புத்தகம் மட்டும் நேர்மையாகத் திறந்திருந்தது.

சந்தோசம்தான்... ஆனால் நிம்மதி இல்லை. பாலத்தடியில் தனியாக நிற்கும்போதெல்லாம் யோசிப்பாள். சொல்லிவிட்டால் என்ன? டவுனில் பிறந்து வளர்ந்தவனுக்கு லயம் என்றால் என்ன தெரியும்? அவனும் துஷாந்த் மாதிரி ஒரு கேள்வி கேட்டுவிட்டால்... நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கு. அந்த நாளையைத் தள்ளிக்கொண்டே மூன்று மாதம் ஓட்டினாள்.

ப்ராஜெக்டிலும் அதே கதைதான். ஹட்டனிலிருந்து ஒவ்வொரு நிறுத்தமாகக் குறித்துக்கொண்டு வந்தவள், தலவாக்கலை டவுனுக்குப் பிறகு நேராக லிந்துலைக்குத் தாவிவிட்டாள். நடுவில் ஒரு புள்ளி வைத்தால் யாராவது அதைக் கேட்பார்கள். இங்கே யார் இறங்குகிறார்கள் என்பார்கள். எதற்கு வம்பு?

அந்த மாதக் கடைசியில் மழை பேய் மாதிரிப் பெய்தது. டவுனுக்கு அப்பால் மண் சரிந்து ரோட்டை மூடியது. பஸ்கள் டவுனோடு திரும்பின. வழக்கம்போல் பாண் வாங்கி, வழக்கம்போல் "நாளைக்குப் பாப்போம்" சொல்லிப் பிரிந்தவள், வேறு வழியில்லாமல் தேயிலை மலைக்குள் போகும் குறுக்குப் பாதையில் ஏறினாள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. முன்னே நாலு செடிக்கு மேல் தெரியாத அளவுக்குப் பனி.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

வேகமாக நடந்தாள். சத்தமும் வேகமானது. அவள் நின்றாள்... அதுவும் நின்றது.  குடையை மடக்கிக் கம்பு மாதிரிப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"யாருடா அது? கிட்ட வந்தா மண்டய ஒடச்சிருவேன்!"

"அடிக்காதீங்க! மூக்கு இப்பதான் சரியாச்சு!"

பனியை விலக்கிக்கொண்டு மதுரன் வந்தான். கால்சட்டை முழங்கால்வரை சேறு. தோளில் பை. கையில் பாண்.

பயம் போன இடத்தில் கோபம் ஏறியது. "என் பின்னாடி எதுக்கு வாறீங்க? இவ்வளவு நாளு நல்லவராட்டம் பேசிட்டு..."

"ஒங்க பின்னாடியா? ஏங்க, நா வீட்டுக்குப் போறேங்க!"

"வீடு டவுன்லன்னீங்க?"

 அவன் அவளுடைய சேற்றுக் கால்களைப் பார்த்தான், அவள் கையிலிருந்த பாணைப் பார்த்தான், பாதை போகும் திசையைப் பார்த்தான். "ஒங்க வீடும்... டவுன்லதானே?"

அவள் குடையை மெல்லத் தாழ்த்தினாள்.

"நா கரடிக்கல்... மேல் டிவிசன்," என்றான் மெதுவாக. "சின்னதுலயே கண்டிக்கு மாமா வீட்டுக்குப் படிக்கப் போனவன். இந்த வருசந்தான் திரும்பி வந்தேன். நீங்க?"

"கீழ் டிவிசன்."

அவ்வளவுதான். மதுரனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவள் கண்ணில் படக் கூடாதென்று தான் ஒரு பஸ்ஸை விட்டு அடுத்ததில் ஏற, மூன்று மாதம் ஒரே தோட்டத்துக்கு இரண்டு பஸ்ஸில் போனதை நினைத்து, பாணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தான். நியாயமாகப் பார்த்தால் அவளும் சிரித்திருக்க வேண்டும். ஆனால் ஜீவராணியின் காதில் விழுந்தது வேறு சிரிப்பு. அன்று வட்டமாக உட்கார்ந்திருந்தபோது கேட்டதே, அந்தச் சிரிப்பு.

"சிரிக்காதீங்க!"

"இல்ல ஜீவா, கேளுங்க... நா எதுக்கு டவுன்னு சொன்னேன்னா..."

"எனக்கு ஒன்னும் கேக்க வேணாம். பொய் சொல்றவங்களோட எனக்குப் பேச்சில்ல."

சொல்லிவிட்டுப் பாதையில் ஓடினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் இன்னொருத்தனைப் பொய்யன் என்கிறாளே என்று உங்களுக்குத் தோன்றலாம். அவளுக்கும் அது தெரியாமல் இல்லை. படுத்த பிறகு அதற்கும் கீழே ஒரு முள் குத்தியது. அவனும் தோட்டம் என்று தெரிந்ததும் சந்தோசம் வரவில்லையே... மனம் சப்பென்று ஆகிவிட்டதே, அது ஏன்? அப்படியானால் நீ விரும்பியது அவனையா, அவன் சட்டை மடிப்பையா? துஷாந்துக்கும் உனக்கும் என்னடி வித்தியாசம்? புரண்டு புரண்டு படுத்தாள். தூக்கம் வரவில்லை.

மறுநாளிலிருந்து பஸ்ஸை விட்டுவிட்டு ரயிலில் வந்தாள். ரயில் தன் இஷ்டத்துக்கு வந்தது, தன் இஷ்டத்துக்கு நின்றது. ஆபீசில் உட்கார்ந்தால் வீட்டு ஞாபகம், வீட்டுக்கு வந்தால் ஆபீஸ் ஞாபகம், இரண்டுக்கும் நடுவில் அந்த ஜன்னலோர சீட்டு... இப்போது யாருடைய பை அந்த மடியில் இருக்கும்? போனை எடுப்பாள், வைப்பாள். அவனும் எழுதவில்லை. எழுதாததற்கும் அவன் மேல்தான் கோபம் வந்தது.

ப்ராஜெக்டைச் செய்து காட்டுகிற நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கண்டியில் வகுப்பில்லாததால் ஜீவராணி வீட்டில் இருந்தபோது, மீனம்மா டவுனுக்குக் கிளம்பினாள். முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். வெளியே தூறல். வாசலில் குடையோடு நின்று மகளைக் கூப்பிட்டாள்.

"ஏ புள்ள, நீ ஒன்னு செஞ்சிருக்கேன்னியே... பஸ்ஸு எங்க வருதுன்னு காட்டுமே, அதுல கொஞ்சம் பாத்துச் சொல்லேன். முடக்குல போய் நனையாம நிக்கலாம்ல?"

அம்மாவின் குரலில் அவ்வளவு பெருமை. பக்கத்து காம்பிராக்காரிக்கும் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள். ஜீவராணி போனைத் திறந்தாள். திரையில் பஸ் நகர்ந்து வந்தது. லிந்துலை... அதற்குப் பிறகு தலவாக்கலை டவுன். நடுவில் வெறும் பச்சை.

மீனம்மா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள்.

"இதுல... நம்ம ஊரு இல்லியாம்மா?"

கோபமாகக் கேட்கவில்லை. குறை சொல்லவும் இல்லை. மறந்துபோய் வீட்டில் வைத்துவிட்டு வந்த ஒரு சாமானைக் கேட்கிற மாதிரிக் கேட்டுவிட்டு, "சரி விடு, நா போய் நின்னுக்கிறேன்," என்று குடையை விரித்தாள். படியில் ஒவ்வொரு காலாக வைத்து அம்மா இறங்கிப் போவதை ஜீவராணி பார்த்துக்கொண்டே நின்றாள். அழுகை வந்தது. ஊரை எல்லாம் நனையாமல் காப்பாற்றக் கிளம்பியவள், சொந்த அம்மாவை மழையில் நிறுத்திவிட்டாள்.

அழுது முடித்ததும் முகத்தைக் கழுவினாள். குடையை எடுத்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னாலேயே ஓடினாள். அன்று முழுக்க அந்த ரோட்டில் மேலும் கீழுமாகப் பஸ்ஸில் போய், விட்ட நிறுத்தங்களை ஒவ்வொன்றாகக் குறித்தாள். பழைய பேக்டரிச் சந்தி. சவுக்கு மரத்தடி. மேல் டிவிசன் முடக்கு... அந்தப் பெயரை அடிக்கும்போது விரல் கொஞ்சம் தயங்கியது. கடைசியாக, கோயிலடி முடக்கு.

செவ்வாய்க்கிழமை ஷாமிலா மிஸ், கண்டியிலிருந்து வந்த விரிவுரையாளர், பின்னால் துஷாந்தும் மற்றவர்களும் உட்கார்ந்திருக்க, ஜீவராணி திரைக்கு முன்னால் நின்றாள்.  வேலையும் படிப்பும் இந்த அறைக்குள்தான் தீர்மானமாகப் போகின்றன. எல்லாம் நல்லபடியாகத்தான் போனது... விரிவுரையாளர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரையைச் சுட்டிக்காட்டும்வரை.

"டவுனுக்கும் லிந்துலைக்கும் நடுவில இவ்வளவு நிறுத்தம் வச்சிருக்கீங்க. போன வாரம் அனுப்பினதில இது ஒன்னும் இல்லையே? சும்மா எண்ணிக்கைக்காகச் சேர்த்தீங்களா? உதாரணமா, இந்தக் கோயிலடி முடக்கு... இங்க ஆர் இறங்குவினம்?"

இன்னொரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. யாரோ ஒருத்தர் இறங்குவார், இல்லை, சில பேர் இறங்குவார்கள் என்று...

"நான் எறங்குவேன் சேர்," என்றாள்.



"அது கரடிக்கல் தோட்டம். எங்க லயம் அங்கதான் இருக்கு. எங்க அம்மா அங்க கொழுந்தெடுக்குறாங்க. நா டவுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தேன்... அதுனால அந்த ஸ்டாப்ப நானே விட்டுட்டேன். போன ஞாயித்துக்கிழமை எங்க அம்மா அந்த முடக்குல மழையில நின்னாங்க. அன்னைக்குத்தான் இதுல என்னா கொறைன்னு எனக்குத் தெரிஞ்சிச்சு."

துஷாந்த் குனிந்து மேசையைப் பார்த்தான். விரிவுரையாளர் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். ஷாமிலா மிஸ்தான் கடைசியில் வாயைத் திறந்தார். "அடுத்த வருசம் நோர்வூட் பாதையையும் சேத்துக்கங்க. எல்லா முடக்கும் வேணும்."

அடுத்த வருசம்! அந்த வார்த்தை காதில் விழுந்து, தலைக்குள் போய், கண்ணில் தண்ணீராக வந்தது. அடுத்த வருசம் உண்டு என்றால்... தேறிவிட்டாள்.

ஆபீசை விட்டு இறங்கியவளின் கால்கள் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போயின.

அக்கரப்பத்தனை பஸ் நிறைந்து வழிந்தது. ஜன்னலோரத்தில் நீலச் சட்டை. அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது... உடனே தயங்கியது.  அவன் இரண்டு கைகளையும் நீட்டினான். அவள் பையைக் கொடுத்தாள்.

கொட்டகலை வந்தது, போனது. தலவாக்கலை வந்தது. மதுரன் பழக்க தோசத்தில் எழுந்தான். அவள் அசையவில்லை.

"டவுன் வந்துருச்சு... எறங்கலியா?"

"என் ஸ்டாப் இன்னும் வரல."

அவன் அவளையே பார்த்தான். பிறகு மெதுவாக உட்கார்ந்தான். பேக்கரி பின்னால் போனது, பாலத்தடி போனது. ஜீவராணி கழுத்தை நீட்டி, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தாள்.

"அண்ணே! கரடிக்கல் கோயிலடி முடக்குல நிப்பாட்டுங்க!"

இறங்கினாள். அவனும் இறங்கினான், இரண்டு பைகளோடு.

"ஒங்க ஸ்டாப் அடுத்த முடக்குல்ல?" என்றாள்.

"தெரியும். நடந்துக்கிறேன்... நடந்து பழக்கந்தானே." தூறல் அவன் முடியில் முத்து முத்தாக நின்றது. "அன்னைக்கு நீங்க கேக்காம ஓடுனத இன்னைக்குச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"நா லயத்துல பொறந்தவன்னு யாருகிட்டயும் மறைச்சதில்ல ஜீவா. கம்பெனியில எல்லாருக்கும் தெரியும். ஒங்ககிட்ட மட்டுந்தான் மறைச்சேன். மொத நாளு எங்கிட்ட டிக்கெட் மேல் டிவிசன் வரைக்கும் இருந்துச்சு... கண்டக்டர் அதத்தான் கத்துனாரு. நீங்க டவுன்னு சொன்னீங்க. தோட்டத்துப் பையன்னு சொன்னா, குடுத்த பைய திருப்பி வாங்கிருவீங்களோன்னு... பயந்துட்டேன்."

 யாருக்குப் பயந்து மூன்று மாதம் பாலத்தடியில் நனைந்தாளோ, அந்த ஆளாக அவளே அவனுக்கு இருந்திருக்கிறாள்! அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கொஞ்சம் அழுதாள், கொஞ்சம் சிரித்தாள்.

"என்னாங்க... ஏதாச்சும் சொல்லுங்க."

"டவுன்காரர்னு நெனச்சப்பவும் ஒங்களப் பிடிச்சுச்சு," என்றாள் தரையைப் பார்த்தபடி. "தோட்டம்னு தெரிஞ்சப்ப கோவம் வந்துச்சு. அது என் மேல உள்ள கோவம்... ஒங்க மேல கொட்டிட்டேன். இப்ப டவுனும் போயிருச்சு, கோவமும் போயிருச்சு." நிமிர்ந்தாள். அவன் இமையில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. "பிடிச்சது மட்டும் அப்பிடியே இருக்கு மதுரன். ஒங்களுக்கு?"

"எனக்கு அந்த மூக்கு ஒடஞ்ச அன்னைக்கே..."

அவன் முடிப்பதற்குள் மேலே லயத்து வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏ ஜீவா! மழையில நின்னுக்கிட்டு என்னா பேச்சு? அது மேல் டிவிசன் நல்லமுத்து அண்ணே மகன்தானே... கூட்டிக்கிட்டு வா மேல!"

இரண்டு பேரும் விறைத்துப்போய் அண்ணாந்து பார்த்தார்கள். மீனம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். பக்கத்தில் நாலைந்து பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். லயத்து வாசலில் நின்றால் ரோடு முழுக்கத் தெரியும் என்பதை இந்தப் படித்த பிள்ளைகள் இரண்டும் மறந்தே போயிருந்தன.

"அம்மா... ஒனக்கு எப்பிடி..."

"எப்பிடியா? முன்னாடி பஸ்ஸுல நீயி, பின்னாடி பஸ்ஸுல அவரு. இங்கயும் பாணு, மேல நல்லமுத்து வீட்டுலயும் பாணு! மூனு மாசமா ரெண்டு வீட்டுலயும் ரொட்டி சுடுறதையே விட்டுட்டோம். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தோம்... நீங்க எங்க சொன்னீங்க?"

மேலே பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு ஜீவராணிக்குக் குத்தவில்லை. அவளும் சேர்ந்து சிரித்தாள், கண் நிறையத் தண்ணீரோடு.

மதுரன் காது சிவக்க நின்றான். "பேக்கு..." என்று மெதுவாக நீட்டினான். "வேணுமா?"

அவள் படியில் ஏறத் தொடங்கினாள். நாலு படி ஏறித் திரும்பிப் பார்த்தாள். அவன் இரண்டு பைகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். வீடு வரும்வரை ஜீவராணி பையைக் கேட்கவே இல்லை.